ஃபில்டர் பாதி மெயிலைப் பிடிக்கிறது, பாதியை விட்டுவிடுகிறது: ஏன்?

கேள்வி: எங்கள் சங்கத்தின் குழு மெயில்கள் தனி ஃபோல்டருக்குப் போகட்டும் என்று, ‘டு’ பகுதியில் குழு முகவரி இருந்தால் நகர்த்தும்படி ஃபில்டர் போட்டேன். பாதிதான் போகிறது. சப்ஜெக்டில் ‘கோரிக்கை’ என்ற சொல் இருந்தால் நட்சத்திரம் இடச் சொன்னேன். சொல் கண்ணெதிரே இருந்தும் சில மெயில்களில் நட்சத்திரம் விழுவதில்லை. கடைசியாக, எங்களுடைய இரண்டு டொமைன்களிலிருந்து வராத மெயில்களை மட்டும் டிராஷுக்கு அனுப்ப ஒரு ஃபில்டர் வைத்தேன். வந்த மெயில் மொத்தமும் டிராஷில் கிடக்கிறது. தண்டர்பேர்டு, ஜிமெயில் இரண்டும் பயன்படுத்துகிறேன். எங்கே தவறு?

பதில்: முதலில் டிராஷைத் திறந்து மெயில்களை மீட்டுவிடுங்கள். ஜிமெயில் டிராஷில் உள்ளவை 30 நாளில் தாமாகவே அழிந்துவிடும். மூன்றாவது ஃபில்டரை இப்போதைக்கு அணைத்து வையுங்கள். அதற்குப் பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

மூன்றும் தனித்தனிக் கோளாறுகள். ஆனால் மூன்றையும் கண்டுபிடிக்கும் வழி ஒன்றே: ஃபில்டரிடமிருந்து தப்பிய ஒரு மெயிலின் மூலத்தைத் திறந்து பார்ப்பது. ஜிமெயிலில் மெயிலின் வலது மேல்மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தண்டர்பேர்டில் மெயிலைத் தேர்ந்துகொண்டு கண்ட்ரோல்-யூ அழுத்தினால் போதும். நாம் திரையில் பார்ப்பது மெயில் நிரல் அழகுபடுத்திக் காட்டும் வடிவம்; ஃபில்டர் ஒப்பிடுவது இந்த மூலத்தில் உள்ள வரிகளை. விதியை இப்படியும் அப்படியுமாக மாற்றிப் பார்ப்பதில் பலர் ஒரு மாலைப்பொழுதையே தொலைக்கிறார்கள். மூலத்தைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

மூலத்தில் முதல் வெற்று வரி வரைக்கும் இருப்பதுதான் ஹெடர், அதாவது மெயிலின் விவரங்கள் அடங்கிய தலைப்பகுதி. அதிலுள்ள ஒவ்வொரு விவரமும் ஒரு புலம். ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு பெயர், அதையடுத்து முக்காற்புள்ளி (:), பிறகு மதிப்பு. பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. ஒரு வரி இடைவெளியிலோ டேபிலோ தொடங்கினால் அது மேல்வரியின் தொடர்ச்சி. வரி 78 எழுத்துக்குள் அடங்குவது நல்லது, 998-ஐத் தாண்டவே கூடாது என்பது தரநிலை. அதனால்தான் நீண்ட புலங்கள் மடிக்கப்பட்டிருக்கும். ஃபில்டர் நிரல்கள் மடிப்பைப் பிரித்த பிறகே ஒப்பிடும். நீங்களே ஸ்கிரிப்ட் எழுதி வரிவரியாகத் தேடினால் மட்டும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி குழு மெயில். ‘டு’ என்பது அனுப்பியவர் எழுதிவைத்த வரி, அவ்வளவுதான். மெயில் உங்கள் பெட்டிக்கு வந்துசேர அந்த வரி தேவையே இல்லை. தபால் உறைமேல் ஒரு முகவரியும், உள்ளே கடிதத்தின் தலைப்பில் வேறொரு பெயரும் இருக்கலாம் அல்லவா, அதே ஏற்பாடுதான் இங்கேயும். சர்வர்கள் தமக்குள் பேசும்போது அனுப்புநர், பெறுநர் முகவரிகளைத் தனியாகச் சொல்லிக்கொள்கின்றன. அதுதான் உறை. கடைசி சர்வர் உறையிலிருந்த அனுப்புநர் முகவரியை ‘ரிட்டர்ன்-பாத்’ என்ற புலமாக எழுதிவைக்கும். பெறுநர் முகவரியைப் பல சர்வர்கள் ‘டெலிவர்டு-டு’ என்று எழுதும். பிசிசியில் வந்த மெயிலின் ‘டு’ வரியில் உங்கள் முகவரியோ குழு முகவரியோ இல்லாமல் இருப்பது இதனால்தான்.

உங்கள் குழு மெயில் தப்பியதற்கும் இதில் ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும்: யாரோ குழுவை சிசியில் போட்டிருப்பார், அல்லது பிசிசியில் போட்டிருப்பார், அல்லது குழுவுக்கு இருக்கும் இன்னொரு முகவரிக்கு அனுப்பியிருப்பார். சிசி மட்டும்தான் சிக்கல் என்றால் தண்டர்பேர்டில் ‘டு ஆர் சிசி’ என்றே ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆனால் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். குழு மெயிலுக்கென்று ஒரு புலம் இருக்கிறது: லிஸ்ட்-ஐடி. 2001-இல் வெளியான ஆர்எஃப்சி 2919 என்ற இணையத் தரநிலை ஆவணம் இதை வரையறுத்தது. மெயில் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், குழு சர்வர் வழியாக வந்தால் சர்வரே இந்தப் புலத்தைச் சேர்த்துவிடும். மூலத்தில் இப்படி இருக்கும்:

லிஸ்ட்-ஐடி: சங்க உறுப்பினர் குழு <உறுப்பினர்.சங்கம்.எக்சாம்பிள்.காம்>

முன்னால் இருக்கும் விளக்கத்தை நிர்வாகி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கோண அடைப்புக்குள் இருப்பதுதான் அடையாளம். விளக்கம் மாறினாலும் அது மாறக்கூடாது என்பதே ஏற்பாடு. எனவே ஃபில்டரில் அடைப்புக்குள் இருப்பதை மட்டும் கொடுங்கள்.

தண்டர்பேர்டில்: டூல்ஸ், மெசேஜ் ஃபில்டர்ஸ், நியூ. நிபந்தனை வரிசையின் இடது பட்டியலைத் திறந்தால் கடைசியில் ‘கஸ்டமைஸ்’ என்று இருக்கும். அதில் புலத்தின் பெயரை ஆங்கிலத்தில், நடுவில் ஹைஃபனோடு, இறுதியில் முக்காற்புள்ளி இல்லாமல் சேர்க்க வேண்டும். மூலத்திலிருந்து முக்காற்புள்ளியோடு காப்பி செய்து ஒட்டினால் தவறான எழுத்து இருப்பதாகச் சொல்லி ஏற்க மறுக்கும். சேர்த்த பிறகு அதே பட்டியலில் புதுப் பெயர் தெரியும். அதைத் தேர்ந்து ‘கண்டெயின்ஸ்’, பிறகு அடையாளம். ஜிமெயிலில் எந்த ஹெடரையும் விருப்பம்போல் தேட முடியாது, ஆனால் லிஸ்ட்-ஐடிக்கு ‘லிஸ்ட்:’ என்ற தேடல் குறி உண்டு. குழு மெயில் ஒன்றைத் திறந்து மூன்று புள்ளிகளில் ‘ஃபில்டர் மெசேஜஸ் லைக் திஸ்’ என்பதை அழுத்தினால் அதுவே அந்தக் குறியை நிரப்பித் தரும்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஒருவர் ‘ரிப்ளை ஆல்’ செய்யும்போது உங்கள் முகவரியும் குழு முகவரியும் சேர்ந்தே இருந்தால், உங்களுக்கு ஒரு பிரதி நேராகவும் ஒரு பிரதி குழு வழியாகவும் கிளம்பும். நேராக வந்ததில் லிஸ்ட்-ஐடி இருக்காது. அது இன்பாக்ஸிலேயே நிற்கும். என்னைக் கேட்டால் அது நிற்பதே நல்லது, உங்களைக் குறித்துச் சொன்ன பதில்தானே அது.

‘ஃப்ரம்’ வரியை வைத்துக் குழு மெயிலைப் பிரிப்பவர்களும் உண்டு. அது இப்போது இன்னும் நிலையற்றதாகிவிட்டது. 2014 ஏப்ரலில் யாஹூவும் ஏஓஎல்லும் தங்கள் டொமைன்களுக்குக் கடுமையான டிமார்க் கொள்கையை, அதாவது ‘ஃப்ரம்’ வரியில் எங்கள் டொமைன் இருந்து சோதனையில் தேறாத மெயிலை ஏற்காதீர்கள் என்ற அறிவிப்பை, வெளியிட்டன. அந்த முகவரிகளிலிருந்து குழுவுக்குப் போன மெயில்கள், குழு சர்வர் வழியாக மறுபடி கிளம்பியதும் பல இடங்களில் திருப்பி அடிக்கப்பட்டன. அதைச் சமாளிக்க மெயில்மேன் போன்ற குழு மென்பொருள்கள் ‘ஃப்ரம்’ வரியில் குழுவின் முகவரியையே எழுதி, உண்மையில் எழுதியவரின் பெயரோடு ‘வயா’ சேர்க்கத் தொடங்கின. ஆகவே ஒரே நபரின் மெயில் நேராக வரும்போது ஒரு ‘ஃப்ரம்’, குழு வழியாக வரும்போது வேறு ‘ஃப்ரம்’.

இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. தமிழ்ச் சொல்லை ஃபில்டரில் கொடுக்கும் எவருக்கும் இது நேரும்.

சப்ஜெக்டில் தமிழ் இருக்கும் பெரும்பாலான மெயில்களின் மூலத்தைப் பார்த்தால் அங்கே ஒரு தமிழ் எழுத்தும் இருக்காது. சமக்குறி, கேள்விக்குறி, யூடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறையின் பெயர்), பிறகு பொருளற்றதாகத் தோன்றும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் நீளமாக ஓடும். ஹெடரில் வெறும் ஆஸ்கி, அதாவது ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும், மட்டுமே போகும் என்ற காலத்தில் ஏற்பட்ட முறை இது, ஆர்எஃப்சி 2047. இப்படிச் சுற்றிவைத்த ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு (எழுத்தோ, அதில் ஏறும் உயிர்க்குறியோ, புள்ளியோ) ஒவ்வொன்றும் 3 பைட். உறைக்குறிகள் போக மீதமுள்ள இடத்தில், பைட்டுகளை ஆங்கில எழுத்தும் எண்ணுமாக எழுதும் பேஸ்64 முறையில், 45 பைட், அதாவது 15 தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும். கொஞ்சம் நீளமான சப்ஜெக்ட் என்றால் இரண்டு மூன்று துண்டாகத்தான் வரும். சில பழைய அனுப்பும் நிரல்கள் ஒரு எழுத்தின் மூன்று பைட்டுக்கு நடுவிலேயே வெட்டிவிடும். அப்படிப்பட்ட மெயிலில் சப்ஜெக்டின் நடுவே கறுப்பு வைரமும் கேள்விக்குறியும் தெரியும். அந்த இடத்தில் உங்கள் சொல் இருந்தால் எந்த ஃபில்டரும் கண்டுகொள்ளாது.

தண்டர்பேர்டும் ஜிமெயிலும் சப்ஜெக்டை அவிழ்த்துவிட்டுத்தான் ஒப்பிடுகின்றன. சீவ் என்ற ஃபில்டர் மொழியில் எழுதி சர்வரில் ஓடும் ஸ்கிரிப்டுகளும் ஹெடரை யூடிஎஃப்-8-ஆக மாற்றிய பிறகே பார்க்க வேண்டும் என்பது அதன் தரநிலை. மூலத்தை அப்படியே உரையாகத் தேடும் விதிகளில்தான் தமிழ் அகப்படாது. அவுட்லுக்கில் ‘மெசேஜ் ஹெடரில் இந்தச் சொற்கள்’ என்ற நிபந்தனை அந்த வகை. பேஸ்64 வடிவத்தையே காப்பி செய்து கொடுத்தால் என்ன என்று சிலர் முயல்வதுண்டு. சொல்லுக்கு முன்னால் ஒரே ஒரு இடைவெளியோ எண்ணோ கூடினாலும் அந்த வடிவம் முழுக்க மாறிவிடும், நேரம் வீண்.

அப்படியானால் உங்கள் ‘கோரிக்கை’ ஏன் தப்புகிறது? நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ‘கோ’ மீதுதான் எனக்குச் சந்தேகம். யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில் ‘கோரிக்கை’ 8 குறியீடு, 24 பைட். இரண்டாம் வகையில் 9 குறியீடு, 27 பைட். பைட்டைப் பைட்டோடு ஒப்பிடும் நிரலுக்கு இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்து எதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

சோதிப்பது எளிது. தப்பிய மெயிலின் சப்ஜெக்டைக் காப்பி செய்து ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் ஒட்டுங்கள். ‘கோ’வுக்கு அடுத்துக் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். ‘க’ மிஞ்சினால் ஒற்றைக் குறியீடு. ‘கே’ மிஞ்சினால் இரட்டைக் குறியீடு. ஃபில்டரில் நீங்கள் தட்டச்சு செய்ததையும் இப்படியே சோதியுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், தப்பிய மெயிலிலிருந்து காப்பி செய்த சொல்லையே இரண்டாவது நிபந்தனையாகச் சேர்த்து, ‘ஏதேனும் ஒன்று பொருந்தினால்’ என்று வையுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால், எழுத்துகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத, அகலமற்ற குறியீடு ஒளிந்திருக்கிறதா பாருங்கள்: கர்சரை அம்புக்குறியால் நகர்த்தும்போது ஓரிடத்தில் அசையாமல் ஒரு அழுத்தம் வீணாகும்.

சொல்லின் ஆபத்தில்லாத பகுதியை மட்டும் கொடுப்பதும் ஒரு வழி. ‘ரிக்கை’ என்று கொடுத்தால் இரு வகையும் சிக்கும். கூடவே ‘எச்சரிக்கை’யும் சிக்கும். அதைத் தவிர்க்க அனுப்புநர் முகவரியையும் நிபந்தனையாகச் சேர்த்து, ‘எல்லாம் பொருந்தினால்’ என்று வைக்க வேண்டும்.

தமிழுக்கே உரிய இன்னொரு தொல்லை, வேற்றுமை உருபு. ‘கண்டெயின்ஸ்’ என்பது சொல்லைப் பார்ப்பதில்லை, குறியீட்டு வரிசையைப் பார்க்கிறது. ‘கோரிக்கை’ என்று கொடுத்தால் ‘கோரிக்கைகள்’, ‘கோரிக்கையை’ இரண்டும் பொருந்தும், நல்லது. ஆனால் ‘கூட்டம்’ என்று கொடுத்தால் ‘கூட்டத்தில்’ பொருந்தாது, ‘கூட்டமும்’ கூடப் பொருந்தாது. சரி, ‘கூட்ட’ என்று சுருக்கலாமா? அப்போது ‘கூட்டணி’யும் வரும், ‘கூட்டு’ம் வரும், ஏனென்றால் ‘டு’ என்பது கணினிக்கு ‘ட’வும் அதன்பின் ஓர் உகரக் குறியும். மெய்யின் புள்ளியை விட்டுவிட்டு ‘கூட்டம’, ‘கூட்டத’, ‘கூட்டங’ என்று மூன்று நிபந்தனை வைப்பதே சரியாக வரும். பார்க்க அரைகுறையாகத் தோன்றினாலும் ‘கூட்டம்’, ‘கூட்டமும்’, ‘கூட்டத்திற்கு’, ‘கூட்டங்கள்’ எல்லாம் அகப்படும்.

ஜிமெயிலில் இந்த உத்தி எடுபடாது. அது சொல்லின் துண்டைத் தேடுவதில்லை, முழுச்சொல்லாகத்தான் பொருத்துகிறது. சதுர அடைப்பு போன்ற குறிகளையும் கண்டுகொள்வதில்லை, ஆகவே சப்ஜெக்டின் தொடக்கத்தில் குழுக்கள் சேர்க்கும் சதுர அடைப்புப் பெயரை நம்பி ஃபில்டர் போட்டால், அடைப்பே இல்லாமல் அந்தச் சொல் வரும் மெயிலும் உள்ளே வந்துவிடும். ஜிமெயிலில் தமிழ்ச் சொல் தேவையென்றால், வரக்கூடிய வடிவங்களை ஒவ்வொன்றாக எழுதி நடுவே ‘ஆர்’ போட வேண்டும், அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். கோரிக்கை மெயில்கள் ஏதாவது ஒரு படிவ மென்பொருளிலிருந்து வருகின்றன என்றால், சப்ஜெக்டை விட்டுவிட்டு அந்த மென்பொருளின் அனுப்புநர் முகவரியைப் பிடிப்பதே புத்திசாலித்தனம்.

மூன்றாவது ஃபில்டருக்கு ஹெடரைக் குறை சொல்ல முடியாது. அது தர்க்கப் பிழை. நீங்கள் வைத்தது அநேகமாக இப்படி இருக்கும்: ‘ஃப்ரம்’ முதல் டொமைனைக் கொண்டிருக்கவில்லை, ‘ஃப்ரம்’ இரண்டாம் டொமைனைக் கொண்டிருக்கவில்லை, மேலே ‘மேட்ச் எனி’, அதாவது ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும். முதல் டொமைனிலிருந்து வரும் மெயிலில் இரண்டாம் டொமைன் இருக்காது. ஆக இரண்டாம் நிபந்தனை நிறைவேறிவிட்டது. இரண்டாம் டொமைனிலிருந்து வருவதில் முதலாவது நிபந்தனை நிறைவேறிவிடும். உலகத்தில் எந்த மெயிலும் இதிலிருந்து தப்பாது. ‘இல்லை’ என்ற நிபந்தனைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் எப்போதும் ‘மேட்ச் ஆல்’. ஜிமெயிலில் ‘ஃப்ரம்’ பெட்டியில் முதலில் மைனஸ் குறி, அதை ஒட்டி அடைப்புக்குள் இரண்டு டொமைன்கள், நடுவே ‘ஆர்’. மைனஸ் அடைப்புக்கு வெளியே இருக்க வேண்டும்.

இந்த ஃபில்டர் குறித்து இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். ‘ஃப்ரம்’ வரியில் நம் டொமைன் இருந்தால் நம்முடையது என்று கொள்வது பாதுகாப்பான சோதனை இல்லை. அந்த வரியில் பெயர், முகவரி என்று இரண்டு பகுதி உண்டு. ‘கண்டெயின்ஸ்’ இரண்டையும் சேர்த்தே பார்க்கக்கூடும். பெயர்ப் பகுதியில் உங்கள் டொமைனை எழுதி, வேறெங்கிருந்தோ அனுப்பும் மோசடி மெயில் இந்தச் சோதனையைத் தாண்டிவிடும். ‘சங்கம்.எக்சாம்பிள்.காம்’ என்று தேடினால் ‘போலிசங்கம்.எக்சாம்பிள்.காம்’ கூடப் பொருந்தும். முன்னால் @ குறியைச் சேர்த்தால் இதைத் தடுக்கலாம். வால்பகுதி நீளுவதைத் தடுக்க ‘என்ட்ஸ் வித்’ வேண்டும். சீவ் எழுதுபவர்களுக்கு இது சுலபம்: ‘ஹெடர்’ சோதனையை விட்டு ‘அட்ரஸ்’ சோதனையை எடுத்து, ‘டொமைன்’ பகுதியை மட்டும் ‘இஸ்’ கொண்டு ஒப்பிட்டால் பெயர்ப் பகுதி கணக்கிலேயே வராது. சீவில் பொருத்தும் வகையைக் குறிப்பிடாமல் விட்டால் அது ‘இஸ்’ என்றே எடுத்துக்கொள்ளும், அதாவது முழு மதிப்பும் அச்சாக ஒத்திருக்க வேண்டும். ‘ஸ்கிரிப்ட் பிழையே இல்லை, ஆனால் எதையும் பிடிக்கவில்லை’ என்ற புகார்களில் கணிசமானவை இதனால் வருபவை.

முகவரியே சரியாக இருந்தாலும் அதைப் பொய்யாக எழுதுவது கடினமில்லை. ‘ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே’ போன்ற சலுகையை ‘ஃப்ரம்’ மட்டும் பார்த்து யாருக்கும் தராதீர்கள். உங்கள் சர்வர் ஒவ்வொரு மெயிலிலும் ‘ஆத்தெண்டிகேஷன்-ரிசல்ட்ஸ்’ என்று ஒரு புலம் சேர்த்திருக்கும். அதில் ‘டிமார்க்=பாஸ்’ இருக்கிறதா என்பதையும் சேர்த்து நிபந்தனையாக வைக்கலாம். ஆனால் இந்தப் புலத்தையும் அனுப்புபவர் தாமே எழுதி அனுப்பலாம். புலத்தின் தொடக்கத்தில் எழுதிய சர்வரின் பெயர் இருக்கும். உங்கள் சர்வரின் பெயரோடு தொடங்குவதை மட்டுமே நம்புங்கள். வழியில் சேரும் புலங்கள் மேலே மேலே அடுக்கப்படுவதால், உங்கள் சர்வர் எழுதியது மேல்பக்கம்தான் இருக்கும்.

ஃபில்டர்களின் வரிசை பற்றி: தண்டர்பேர்டில் பட்டியலின் மேலிருந்து கீழாக ஓடும். குழு ஃபில்டரை மேலே வைத்து, அதன் செயல்களில் ‘ஸ்டாப் ஃபில்டர் எக்சிக்யூஷன்’ என்பதையும் சேருங்கள்; டிராஷ் ஃபில்டர் கடைசியில் நிற்கட்டும். ஜிமெயிலில் வரிசையே கிடையாது, பொருந்தும் எல்லா ஃபில்டரும் செயல்படும். அங்கே குழு மெயிலைக் காப்பாற்ற, டிராஷ் ஃபில்டருக்குள்ளேயே மைனஸ் குறியோடு ‘லிஸ்ட்:’ நிபந்தனை வைக்க வேண்டியிருக்கும். தண்டர்பேர்டு ஃபில்டர் அந்தக் கணினியில் தண்டர்பேர்டு திறந்திருக்கும்போது மட்டுமே ஓடும். ஒரே கணக்குக்கு இரண்டு இடத்திலும் ஃபில்டர் வைத்திருக்கிறீர்கள் என்றால் ஜிமெயிலுடையது முந்திக்கொள்ளும். அது நகர்த்திவிட்டதைத் தண்டர்பேர்டு இன்பாக்ஸில் தேடிக்கொண்டிருக்கும். ஏதாவது ஓரிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனிலும் மெயில் பார்ப்பவர் என்றால் அது ஜிமெயிலாகவே இருக்கட்டும்.

டிராஷ் ஃபில்டரை மறுபடி இயக்குவதற்கு முன், அதன் செயலை ‘டிராஷ்’ என்பதிலிருந்து ‘சோதனை’ என்ற புது ஃபோல்டருக்கு மாற்றுங்கள். தண்டர்பேர்டில் இன்பாக்ஸைத் தேர்ந்து ‘ரன் நௌ’ கொடுத்தால் பழைய மெயில்கள் மீதும் ஓடும். அதே சாளரத்தில் ‘ஃபில்டர் லாக்’ பொத்தானை அழுத்தி லாகை இயக்கிவைத்தால் எந்த மெயிலை எந்த ஃபில்டர் தொட்டது என்று வரிவரியாகக் காட்டும். ஜிமெயிலில் ஃபில்டர் உருவாக்கும் பெட்டியிலேயே தேடல் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் பொருந்தும் மெயில்கள் பட்டியலாக வரும். அந்தப் பட்டியலில் உங்கள் இரண்டு டொமைன்களின் மெயில் ஒன்றாவது தென்பட்டால் நிபந்தனை இன்னும் சரியாகவில்லை. இரண்டு வாரம் ‘சோதனை’ ஃபோல்டரில் தேவையான மெயில் எதுவும் விழவில்லை என்றால் அப்புறம் டிராஷுக்கு மாற்றிக்கொள்ளலாம்.